தளர்ந்த இதயத்துக்கு பீட்டா பிளாக்கர்

பலவீனமான இதயத்துக்கு, அதன் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையா? 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் டாக்டர் வாக்ஸ்டைன் குழு இதயம் தளர்ந்த 7 பேருக்குக் கொடுத்துப் பலன் கண்டபோது டாக்டர்களே லேசில் நம்பவில்லை. 1999இல் மெரிட் எச்எஃப் என்ற ஆய்வில் மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் மரணத்தை 34% குறைத்தது. அப்புறம் என்ன பேச்சு!

சூட்சுமம் நரம்பில் இருக்கிறது. இதயம் தளர்ந்தால் சிம்பதெடிக் நரம்புகள் (இதயத்தை விரட்டி ஓடவைப்பவை) நார்அட்ரினலின் என்ற தூண்டும் ரசாயனத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தூண்டுதலைத்தான் பீட்டா பிளாக்கர் தடுக்கிறது. கொட்டியதைத் திரும்ப உறிஞ்சும் திறனும் அந்த நரம்புகளுக்குக் குறையும். அதனால்தான் எம்ஐபிஜி ஸ்கேனில் (நார்அட்ரினலின் போன்ற ஒரு பொருளை ஊசியில் செலுத்தி, இதய நரம்புகள் அதை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று படம் எடுப்பது) அந்த இதயம் மங்கலாகத் தெரிகிறது. பீட்டா பிளாக்கர் சில மாதம் எடுத்தபின் பலருக்கு அதே படம் கொஞ்சம் தெளிகிறது.

மாத்திரை அட்டையில் 3.125 மி.கி. என்ற விசித்திர எண்ணைப் பார்த்திருப்பீர்கள். கார்வெடிலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கரை அவ்வளவு சின்ன அளவில் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். ஆரம்பத்தில் அசதி வரலாம். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.