எந்த ஆண்டின் போலந்து?

சிகாகோவில் 2013 முதல் 2017 வரை நான் குடியிருந்த வீடு, அவண்டேல் வட்டாரத்தில், செயின்ட் ஹயசிந்த் பசிலிக்காவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அந்த ஆலயத்தின் போலிஷ் பெயரைக் கொண்டு அப்பகுதி முழுவதையுமே ‘யாட்ஸ்கோவோ’ என்று அங்குள்ள போலந்து மக்கள் அழைப்பார்கள். பழைய செங்கல் வீடு. மேலே வீட்டுக்கார அம்மையார், கீழே பேஸ்மென்ட்டில் நான். அந்தப் பேஸ்மென்ட் என்ற சொல்லையே அவர் போலிஷ் உருபுகளோடு சேர்த்து, அது ஏதோ அவருடைய பாட்டி காலத்துச் சொல் என்பதுபோலப் பேசுவார். காரைக் ‘கரா’ என்பார். போலந்தில் ‘கரா’ என்றால் தண்டனை என்று பொருள் என்பதைப் பின்னாளில் அந்நாட்டு நகரமான கிராக்கோவில் ஓர் அலுவலக நண்பர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எனக்கு ஒரு கிண்ணம் சூப் இறக்கிக் கொடுத்துவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்து அவர் இரண்டு நாடுகளையும் ஒப்பிடத் தொடங்குவார். அவருடைய வாதம் எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும்: “அங்கே கடைக்குப் போனால் வினிகர் பாட்டில்தான் இருக்கும்.” இருந்தது என்று அவர் சொன்னதில்லை, இருக்கும் என்றே சொல்வார். 2018இல் வேலை மாறி நான் கிராக்கோவுக்குப் போனபோது அந்த வினிகர் பாட்டில் என் நினைவில் இருந்தது. முதல் நாள் மாலை வீட்டருகே இருந்த சாதாரண மளிகைக் கடைக்குள் நுழைந்து, பாலாடைக்கட்டிகளுக்கென்றே நீண்டிருந்த குளிர்பெட்டி வரிசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். அம்மையார் பொய் சொல்லவில்லை. அவர் ஒப்பிட்டது 1981இன் போலந்தை. அதன் பிறகு புலம்பெயர்ந்தோர் பற்றி நான் படித்தபோதும், நேரில் அவர்களிடம் பேசியபோதும், எல்லா ஒப்பீட்டுக்குள்ளும் சொல்லப்படாத ஓர் ஆண்டு ஒளிந்திருப்பதையே கண்டேன்.

முதலில் போனவர்களுக்கு ஒப்பிட நாடே இல்லை. 1772, 1793, 1795 என்று மூன்று முறை ரஷ்யாவும் பிரஷ்யாவும், அவற்றில் இரு முறை ஆஸ்திரியாவும் சேர்ந்து போலந்தைப் பங்கிட்டுக்கொண்டதில், 1918 வரை 123 ஆண்டுகள் அது வரைபடத்திலேயே இல்லை. பிரஷ்யாவின் வசமிருந்த சிலேசியாவிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் 1854 டிசம்பரில் டெக்சாஸ் போய்ச் சேர்ந்து, லியோபோல்ட் மோச்சிகெம்பா என்ற பாதிரியாரின் தலைமையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஒரு ஓக் மரத்தடியில் பூசை கண்டு, பன்னா மரியா என்ற ஊரை உருவாக்கின. பெருங்கூட்டமாகப் புறப்பாடு தொடங்கியது 1870களுக்குப் பிறகுதான். அந்தப் புறப்பாட்டுக்குப் போலிஷ் மொழியில் ‘ஸா ஹ்லெபெம்’ என்று பெயர். ரொட்டியைத் தேடி என்பது அதன் நேர்ப்பொருள். ஆஸ்திரியாவின் கீழிருந்த கலீசியாவில் 1848இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. ஆனால் கிடைத்த நிலம் மகன்களுக்கும் பேரன்களுக்கும் துண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பாத அளவுக்குச் சுருங்கியது. பிரஷ்யப் பகுதியில் மொழிக்கும் மதத்துக்கும் நெருக்கடி. ரஷ்யப் பகுதியில் கட்டாய ராணுவ சேவையின் அச்சம். பிரேமன், ஹாம்பர்க் துறைமுகங்களில் கப்பலேறியவர்களில் பலர் அமெரிக்காவில் குடியேறிவிடும் எண்ணத்தோடு போகவில்லை. சில ஆண்டுகள் உழைத்து, ஊரில் நிலம் வாங்கத் திரும்புவதே திட்டம். கணிசமானோர் அப்படித் திரும்பவும் செய்தார்கள்.

அந்தக் காலத்து ஒப்பீடுகள் எல்லாம் கடிதங்களில் இருந்தன. கூலி எவ்வளவு, சாமான் விலை எவ்வளவு, வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும், எதை விட்டுவர வேண்டும் என்று எழுதி, சில வேளைகளில் ‘ஷிஃப்கார்ட்டா’ எனப்பட்ட முன்பணம் கட்டிய கப்பல் சீட்டையும் உறைக்குள் வைத்து அனுப்பினார்கள். 1890, 1891 ஆண்டுகளில் ரஷ்யத் தணிக்கை அதிகாரிகள் இத்தகைய கடிதங்களை, மக்கள் மேலும் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகவே, சேர வேண்டியவர்களிடம் சேர்க்காமல் பறித்து வைத்துக்கொண்டார்கள். அவற்றில் பெரும்பகுதி 1944இல் வார்சா எரிந்தபோது அழிந்தது. தப்பிய சில நூறு கடிதங்களை வரலாற்றாசிரியர் வித்தோல்ட் கூலாவும் அவரைச் சேர்ந்தவர்களும் 1973இல் பதிப்பித்தார்கள். கணவன் சீட்டு அனுப்பியிருக்கிறான் என்பதே தெரியாமல் காத்திருந்த பெண்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவன் மறந்துவிட்டான் என்றுதானே ஊர் சொல்லியிருக்கும்?

வந்தவர்களுக்குச் சிகாகோவில் கிடைத்தது இறைச்சிக் கூடங்களின் வேலை. 1865இல் திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் எனும் மாபெரும் கால்நடைச் சந்தையைச் சுற்றி அமைந்த கூடங்களில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பயிற்சியற்ற தொழிலாளிக்கு மணிக்கு 20 சென்ட்டுக்கும் குறைவாகவே கூலி. அந்தக் கூலியிலிருந்து அவர்கள் எழுப்பிய ஆலயங்களை அண்ணாந்து பார்க்கும்போது வியப்பு அடங்குவதில்லை. 1867இல் தொடங்கிய செயின்ட் ஸ்டானிஸ்லாஸ் கோஸ்கா பங்கில், அதாவது அந்த ஆலயத்தைச் சேர்ந்த சபையில், அந்நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 40,000 பேர் இருந்தார்கள். பின்னாளில் கென்னடி விரைவுச்சாலை போட வந்தபோது பங்கு மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அந்தச் சாலை ஆலயத்தின் சுவரை ஒட்டி வளைந்து செல்கிறது. பஸ்ஸில் அந்த வளைவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அம்மையார் சிலுவைக் குறி இட்டுக்கொள்வார். 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரியாக ஒதுக்கீடு வைத்து இந்த முதல் அலையை ஏறத்தாழ நிறுத்திவிட்டது.

அம்மையார் வந்தது வேறொரு அலையில். 1981 செப்டம்பரில், 26 வயதில், சுற்றுலா விசாவில், ஆறு மாதத் திட்டத்தோடு வந்தார். விடுமுறைக்கு வந்தவர் என்ற பெயரில் வேலை பார்த்துப் பணம் சேர்த்துத் திரும்புவோரைச் சிகாகோவில் ‘வகாட்சியூஷ்’ என்பார்கள். நோவி தார்க் அருகே ஒரு கிராமத்தில் ஐந்தாண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் அவர். அப்போது போலந்தில் சர்க்கரைக்கு 1976 முதலே ரேஷன் கூப்பன். இறைச்சிக்கு அந்த ஆண்டு ஏப்ரலில் கூப்பன் வந்துவிட்டது. கள்ளச்சந்தை மதிப்பில் கணக்கிட்டால் ஒரு மாதச் சம்பளம் சில பத்து டாலர்களுக்கு மேல் போகாது என்பதால், சிகாகோவில் ஒரு நாள் வீடு துடைத்தாலே ஊரில் ஒரு மாதம் பாடம் நடத்திய சம்பளம் வந்துவிடும். டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. எல்லைகள் மூடப்பட்டன, தொலைபேசி துண்டிக்கப்பட்டது. மீண்டும் இணைப்பு வந்தபோது, பேச்சுக்கு முன்பாக ‘இந்த உரையாடல் கண்காணிக்கப்படுகிறது’ என்று ஒரு குரல் ஒலிக்கும் என்று அவர் சொன்னார். ஆறு மாதம் நாற்பது ஆண்டை நெருங்கியது.

அவர் செய்தது வீடு துடைக்கும் வேலை; அதில் புழங்கும் சொல் ‘பிளெய்ஸ்’. ஒவ்வொரு வாடிக்கை வீடும் ஒரு பிளெய்ஸ். பிளெய்ஸை விற்கலாம், வாங்கலாம், கர்ப்ப காலத்தில் தோழிக்குத் தற்காலிகமாக மாற்றித் தரலாம். அதற்கென ஒரு நேர்மையும் நடைமுறையும் உண்டு. அவருடைய பிளெய்ஸ்களில் ஒன்றில் 22 ஆண்டுகள் துடைத்திருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆசிரியை என்று அங்கே எவருக்கும் முதல் ஆறு ஆண்டுகள் தெரியாது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இராது. அவருடைய வலது கட்டைவிரல் மட்டும், கடைசி மூட்டில், மற்ற விரல்களைப் பாராமல் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும். துணியை முறுக்கிப் பிழிந்த விரல் அது.

கிராக்கோவில் நான் வாழ்ந்த நாட்களில் என் சொந்த ஒப்பீடும் உருவானது; அதற்கும் ஆண்டு உண்டு என்பதால் 2018, 2019 என்று குறித்துவிடுகிறேன். வேலையில் சேர்ந்த அன்றே, ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்தோடு விடுப்பு உண்டு, பணிக்காலம் பத்தாண்டைத் தொட்டால் 26 நாள் என்று சொன்னார்கள். படிப்புக்கும் சில ஆண்டுகளைப் பணிக்காலமாகக் கணக்கில் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் தனியார் வேலையில் ஊதிய விடுப்புத் தந்தாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை; குழந்தை பிறந்தால்கூட 1993ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி தருவது ஊதியமற்ற 12 வாரங்களைத்தான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் முழுநேரப் படிப்புக்குப் போலந்தில் கட்டணம் கிடையாது. மருத்துவம்தான் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாத இடம். சிகாகோவில் சிறுநீரகக் கல்லுக்காக ஓர் இரவு அவசரப் பிரிவில் படுத்தேன். அந்த இரவே எல்லாப் பரிசோதனையும் முடிந்தது, காப்பீடு போக என் கையிலிருந்து 2,300 டாலர் கட்டினேன். கிராக்கோவில் அதே கோளாறுக்குப் பொதுக் காப்பீட்டில் நிபுணரைப் பார்க்க ஏழு மாதம் கழித்து நாள் கொடுத்தார்கள். பொறுக்க முடியாமல் 180 ஸ்வோத்தி கொடுத்து அதே வாரம் தனியாரிடம் போனேன். சம்பளத்தில் கையில் நிற்பதைப் பார்த்தால் சிகாகோ வெகு தூரம் முன்னே நின்றது. இரவு பதினொரு மணிக்குத் தயங்காமல் நடந்து வீடு திரும்ப முடிந்தது கிராக்கோவில். இவற்றை ஒரே தராசில் வைக்கும் எடைக்கல் என்னிடம் இல்லை.

அம்மையாரின் தங்கை அந்தக் கிராமத்திலேயே இருக்கிறார். சிகாகோவிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு 2018 அக்டோபரில் பஸ்ஸில் போனேன். பொதாலே மலைப்பகுதியிலிருந்து சிகாகோவுக்குப் போகாத குடும்பத்தைக் காண்பது அரிது. அவர்களுக்கென்று 1929இலேயே சிகாகோவில் ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்கள். சாலையோரத்தில் மூன்று மாடி வீடுகள் பல நின்றன. கீழ்த்தளத்தில் மட்டும் திரை தொங்கும்; மேல் தளங்களில் ஆளிருப்பதற்கான அடையாளமே இல்லை. டாலரில் கட்டி, திரும்பி வருவோம் என்று பிள்ளைகளுக்கும் சேர்த்து அறை விட்டு, பிறகு வராமலே போனவர்களின் வீடுகள் என்று தங்கை சொன்னார்.

அவர் ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து அக்காவின் கடிதங்களைக் காட்டினார். 1982ஆம் ஆண்டின் உறைகளில், ‘தணிக்கை செய்யப்பட்டது’ என்ற பொருள் தரும் போலிஷ் சொல் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது. ஒன்றின் ஓரத்தில் பிரித்து ஒட்டிய பசையின் மஞ்சள் கோடுகூட அப்படியே இருந்தது. காபித் தூளும் சாக்லேட்டும் ஜீன்ஸும் பொட்டலத்தில் வந்த காலத்தைச் சொன்னார். டாலர் நோட்டை வைத்து மட்டுமே நல்ல சாமான் வாங்க முடிந்த பெவெக்ஸ் கடைகளைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஒப்பீட்டிலும் ஓர் ஆண்டு உறைந்திருந்தது: அமெரிக்கா என்றால் அவருக்கு அந்தப் பொட்டலத்தின் மணம். அக்காவின் கட்டைவிரலை அவர் கவனித்ததே இல்லை. கோடையில் நான்கு முறை வந்த அக்கா, நகப்பூச்சு இட்டு, மோதிரம் போட்டு வந்திருக்கிறார். நான் அதைச் சொல்லவும் இல்லை. சொல்வது என் வேலை அல்ல என்று தோன்றியது.

நான் பிரித்து எடுத்த பொட்டலத்தில் வைட்டமின் மாத்திரைகளும் இரண்டு துவாலைகளும் இருந்தன. தங்கை சிரித்துக்கொண்டே, இதெல்லாம் நோவி தார்க் கடையிலேயே கிடைக்கிறது என்றார். ஆனாலும் துவாலையை மடிப்புக் கலையாமல் அலமாரியின் மேல் தட்டில் வைத்தார்.

2019 நவம்பர் 11 முதல் போலந்து நாட்டவர் 90 நாள் வரை விசா இல்லாமல் அமெரிக்கா போகலாம் என்றானது. அதற்கு முன் தங்கைக்கு இருமுறை விசா கிடைக்காமல் போயிருந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் அக்காவோடு வீடியோவில் பேசியபோது, “இப்போது வா” என்று அக்கா அழைத்தார். “மாட்டுக்கு யார் வைக்கோல் போடுவது? நீ வா” என்றார் தங்கை. அக்கா திரும்பி வந்து தங்குவது பற்றியும் அவர்கள் பேசினார்கள். இரு நாடுகளிலும் உழைத்த காலத்தை ஓய்வூதியத்துக்காகச் சேர்த்துக் கணக்கிட 2009 மார்ச் முதல் ஒப்பந்தம் இருப்பதால், அந்த ஐந்தாண்டு ஆசிரியர் வேலையும் வீண் போகாது. ஆனால் மகனும் பேரப்பிள்ளைகளும் சிகாகோவில். பேத்திக்குப் போலிஷ் மொழியில் தெரிந்தது சில பலகாரங்களின் பெயர் மட்டுமே.

அந்த டிசம்பரில் அக்கா வந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்தான் பிளெய்ஸ்களில் வேலை மிகுந்த காலம் என்பதால் 38 ஆண்டுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவான விகிலியாவுக்கு ஒருமுறைகூட அவர் ஊருக்கு வந்ததில்லை. ஆண்டுதோறும் தங்கை தபாலில் அனுப்பிய ‘ஒப்வாதெக்’ என்ற மெல்லிய அப்பம் சிகாகோ போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் நொறுங்கிவிடும்; அந்தத் துண்டுகளைத்தான் அவர் வாயில் இட்டுக்கொள்வார். அன்றிரவு என்னையும் அழைத்திருந்தார்கள். விகிலியா மேசையில் எதிர்பாராத விருந்தாளிக்கென ஒரு தட்டு காலியாக வைப்பது வழக்கம். அத்தனை ஆண்டுகளும் அந்தத் தட்டை அக்காவின் தட்டு என்றே இந்த வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். அதன் முன் அக்கா உட்கார்ந்தார். முழுதாக இருந்த ஒப்வாதெக்கைத் தங்கை நீட்ட, அந்தத் திரும்பிய கட்டைவிரலால் அழுத்தி ஒரு துண்டு உடைத்துக்கொண்டார். தங்கையின் பார்வை அந்த விரலில் நின்றது. பிறகு அக்கா எழுந்து, அலமாரியைத் தாமே திறந்து, இன்னொரு தட்டை எடுத்து வந்து மேசை ஓரத்தில் வைத்தார். யாருக்கு என்று தங்கை கேட்கவில்லை. சிகாகோவில் அப்போது பிற்பகல் மணி ஒன்று இருக்கும்.