6.02 மீட்டரிலிருந்து 7.24 மீட்டருக்கு: கைல் கோர்வர் கடந்த தூரம்

எங்கள் பகுதி மாநகராட்சிப் பூங்காவை ஒட்டி ஒரு சிமென்ட் கூடைப்பந்துக் கோர்ட் இருக்கிறது. சென்ற ஞாயிறு காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே அங்கே போய், வளையத்தின் நேர் கீழிருந்து டேப்பைப் பிடித்து அளந்து, சாக்பீஸால் இரண்டு வளைகோடுகள் வரைந்தேன். முதல் கோடு 6.02 மீட்டரில், இரண்டாவது 7.24 மீட்டரில். நம் போட்டிகளுக்குரிய 6.75 மீட்டர் கோடு இரண்டுக்கும் நடுவில் ஏற்கெனவே பெயின்ட்டில் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் மூன்று புள்ளிக் கோடு, அதாவது வெளியே நின்று கூடை போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு, இருந்த இடம் முதலாவது. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்பிஏவின் ஆட்டங்களில் வளையத்துக்கு நேரெதிரே அந்தக் கோடு இருக்கும் இடம் இரண்டாவது. அமெரிக்க வீரர் கைல் கோர்வர், கல்லூரியிலிருந்து என்பிஏவுக்குப் போன 2003ஆம் ஆண்டு, ஒரே கோடையில் கடக்க வேண்டியிருந்த தூரத்தை, என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தங்கள் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன்.

என்பிஏ நட்சத்திரம் ஸ்டெஃபன் கரியைத் தெரியாத பிள்ளை எங்கள் கோர்ட்டில் கிடையாது. கோர்வரை ஒருவருக்கும் தெரியவில்லை. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் பல ஆண்டுகளாகவே ஆசை. அதற்கு என் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. கல்லூரியில் நானும் ஷூட்டராகத்தான், அதாவது தூரத்திலிருந்து எறிந்து கூடை போடுபவராகத்தான், ஆடினேன். சென்னையில் கூடைப்பந்து ஆடுபவருக்குக் கல்லூரிக்குப் பின் உள்ள வழி எல்லோரும் அறிந்ததே: வங்கி, ரயில்வே, வருமான வரி, சுங்கம் என ஏதேனும் ஓர் அணி விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்துக்கொண்டால் வேலையும் உண்டு, ஆட்டமும் உண்டு, இல்லையென்றால் ஷூவைக் கழற்றி மாட்டிவிட வேண்டியதுதான். அப்படி ஓர் அணியின் தேர்வில் மூன்று நாள் ஆடினேன். மூன்றாம் நாள் மாலை என்னை அழைத்து, “தம்பி, நீ வெறும் ஷூட்டர்தானே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ‘வெறும்’ என்ற சொல் எவ்வளவு தவறானது என்பதைப் பின்னாளில் எனக்குக் காட்டியது கோர்வரின் ஆட்டம்.

அவர் கலிஃபோர்னியாவில் 1981இல் பிறந்து, அயோவா மாநிலத்தின் பெல்லா என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தந்தை போதகர். வீட்டில் நான்கு ஆண் பிள்ளைகள்; நால்வரும் கல்லூரி அணிகளுக்கு ஆடியவர்கள். ஓமஹா நகரிலுள்ள கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் கோர்வர் நான்கு ஆண்டுகள் ஆடி, 371 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். எறிந்தவற்றில் 45.3 விழுக்காடு உள்ளே போனது. 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கிரைட்டன் ஆடிய மிசௌரி வேலி பிரிவின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அவருடைய இறுதி ஆண்டில் கிரைட்டன் 29 ஆட்டங்களில் வென்று ஐந்தில் மட்டும் தோற்றது. அந்த ஐந்தில் கடைசித் தோல்வி தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே வந்தது.

அதே கோடையில், அணிகள் புதிய வீரர்களை ஒவ்வொருவராக அழைத்து எடுக்கும் என்பிஏ வீரர் தேர்வில் முதலாவதாக அழைக்கப்பட்டவர் லெப்ரான் ஜேம்ஸ். ஐம்பத்தொன்றாவதாக அழைக்கப்பட்டவர் கோர்வர். நியூ ஜெர்சி நெட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, அன்றிரவே ரொக்கத்துக்கு ஃபிலடெல்ஃபியா அணியிடம் கொடுத்துவிட்டது. அந்தப் பணத்தில் கோடைக்காலத் தொடருக்குக் கட்ட வேண்டிய கட்டணம் போக, மீதியில் அலுவலகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் வாங்கினார்கள். கோர்வரே இதைப் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கோ ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனம் கனக்கும். இருபத்திரண்டு வயதில், நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின், தனக்கு விலை வைக்கப்பட்டதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எளிதான காரியமா?

இரண்டாவது பருவத்தில் அவர் 226 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். அந்தப் பருவத்தில் என்பிஏவில் யாரும் அதைவிட அதிகம் போடவில்லை. குவென்டின் ரிச்சர்ட்சன் மட்டும் அதே எண்ணிக்கையைத் தொட்டார். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து யூட்டாவுக்குப் போனார். அங்கே 2009-10 பருவத்தில், முழங்கால் அறுவைச் சிகிச்சையிலிருந்து திரும்பி வந்து, 110 முறை எறிந்து 59 கூடைகள் போட்டார். அது 53.6 விழுக்காடு, ஒரு பருவத்துக்கான என்பிஏ சாதனை. பிறகு சிகாகோவில் இரண்டு ஆண்டுகள், 2012இல் அட்லாண்டா. சாதாரணமாக ஓர் ஆட்டக்காரரின் கதை இறங்குமுகமாகும் முப்பத்தொன்றாம் வயதில்தான் இவருடைய கதை உண்மையில் ஏறத் தொடங்குகிறது.

கோர்வரின் ஆட்டத்தைக் காணொளியில் பார்ப்பவர்கள் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்க்க வேண்டும். பந்து கோர்ட்டின் மறுபக்கத்தில் இருக்கும்போது, அவர் மூலையிலிருந்து ஓடி, தன் அணியின் உயரமான ஆட்டக்காரர் எதிராளியின் வழியை மறித்து நின்று தரும் ஸ்க்ரீனைத் தோளோடு தோள் உரச வளைந்து கடந்து, வழி அடைபட்டால் சட்டென்று திரும்பி, வந்த பக்கமே மறுபடி ஓடுவார். அவரை மறிப்பவர் ஓர் எட்டு பின்தங்கினாலும் போதும். அந்தப் பயத்திலேயே எதிரணியின் இரண்டாவது ஆள் வளையத்தடியை விட்டு அவரை நோக்கி நகர்வார். நகர்ந்த இடத்தில் வேறொருவர் வளையத்தடிக்கே போய் எளிதாக லே-அப் போடுவார். அந்தக் கூடை கோர்வரின் கணக்கில் வராது, ஆனாலும் அதை உண்டாக்கியவர் அவரே. பந்தைத் தொடாமலேயே ஐந்து எதிராளிகளின் நிலையை மாற்றக்கூடிய ஒருவரை ‘வெறும் ஷூட்டர்’ என்று எப்படிச் சொல்வது?

எறியும் முறையிலும் அவர் எதையும் இயல்பான வரம் என்று விட்டுவைக்கவில்லை. தன் எறிதலை இருபது கூறுகளாகப் பிரித்துப் பட்டியலிட்டு வைத்திருந்தார்: கால்களை அகலமாக வைத்தல், குதிகாலில் எடையை இறக்குதல், வளையத்தின் மேல் விளிம்பைப் பார்த்தல், எழுந்த இடத்துக்குச் சற்று முன்னே தரையிறங்குதல் என்று அது நீளும். பந்து தவறினால் கையைக் குறை சொல்லாமல், இருபதில் எது பிசகியது என்று தேடுவார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பட்டியல் பாதத்திலிருந்து தொடங்குவது. எங்கள் கோர்ட்டில் மாலை நான்கு மணிக்கு மேல் கடற்காற்று அடிக்கும்போது தூரத்திலிருந்து எறியும் பந்து பக்கவாட்டில் விலகும். பிள்ளைகள் உடனே மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். காலில் உறுதி இல்லாமல் தளர்வாக எழும்பும் பந்தைத்தான் காற்று முதலில் பிடிக்கிறது என்பதை அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின.

அட்லாண்டாவில் அவர் 2012 நவம்பரிலிருந்து 2014 மார்ச் வரை, தொடர்ச்சியாக 127 ஆட்டங்களில் குறைந்தது ஒரு மூன்று புள்ளிக் கூடையாவது போட்டார். முந்தைய சாதனை டேனா பாரோஸின் 89 ஆட்டங்கள். பின்னர் கரி இதையும் தாண்டினார். 2014-15 பருவத்தில், பயிற்சியாளர் மைக் பூடன்ஹோல்சரின் கீழ் அட்லாண்டா 60 ஆட்டங்களில் வென்றது. அதில் 19 வெற்றிகள் தொடர்ச்சியானவை. ஜனவரியில் ஆடிய 17 ஆட்டங்களையும் வென்றபோது, கிழக்குப் பிரிவின் மாதச் சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தொடக்க ஐவர் முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். கோர்வரின் மூன்று புள்ளி விழுக்காடு அந்தப் பருவத்தில் 49.2. முப்பத்துநான்கு வயது நிறைய ஒரு மாதமே இருந்தபோது, காயமடைந்த டுவைன் வேடுக்குப் பதிலாக சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டு, நியூயார்க்கில் ஏழு மூன்று புள்ளிக் கூடைகளோடு 21 புள்ளிகள் எடுத்தார். ஐம்பத்தொன்றாவதாக வந்தவர்! அன்று என் வீட்டில் நான் தனியாகக் கைதட்டினேன். அதே ஆண்டு கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் கணுக்கால் காயத்தால் அவர் பாதியில் விலக நேர்ந்தது. கிளீவ்லாந்து நான்கு ஆட்டங்களையும் வென்றது.

2017 ஜனவரியில் அதே கிளீவ்லாந்துக்குச் சென்று, தன் ஆண்டின் முதல் தேர்வான லெப்ரானோடு சேர்ந்து ஆடினார். அந்த ஆண்டு இறுதிச் சுற்றின் மூன்றாம் ஆட்டத்தை என்னால் மறக்க முடியாது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்க, கிளீவ்லாந்து 113-111 என்று முன்னிலையில் இருந்தபோது, லெப்ரான் வளையத்தை நோக்கிப் புகுந்து, மூலையில் நின்ற கோர்வருக்குப் பந்தை அனுப்பினார். எதிராளி எட்டாத தொலைவில் இருக்க, தன் வாழ்நாளில் எண்ணற்ற முறை போட்ட அதே எறிதலை அவர் எறிந்தார். பந்து விழவில்லை. தெறித்த பந்தை எடுத்த எதிரணியின் கெவின் டுரான்ட் மறுபக்கம் வந்து மூன்று புள்ளி போட்டார்; ஆட்டம் கைமாறியது. லெப்ரான் ஏன் தானே எறியவில்லை என்று பலர் கேட்டார்கள். என் கருத்தில் அந்த பாஸ் மிகச் சரியானது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஐம்பது பேருக்குப் பின்னால் நின்றவரிடம், முதலாமவர் ஆட்டத்தின் முக்கியமான கணத்தை ஒப்படைத்தார் என்றால், அந்த நம்பிக்கை ஒரே இரவில் வந்திருக்காது.

2018 மார்ச்சில் தம்பி கிர்க்கை இழந்த துயரத்தோடேயே அந்தப் பருவத்தை முடித்தார். மறுபடி யூட்டா, பிறகு மீண்டும் பூடன்ஹோல்சரின் பயிற்சியில் மில்வாக்கி. 2020 ஆகஸ்ட்டில் நிறவெறிக்கு எதிராக ஆட மறுத்து உடைமாற்றும் அறையிலேயே தங்கிவிட்ட மில்வாக்கி அணியில் அவரும் இருந்தார். பதினேழு பருவங்கள், 2,450 மூன்று புள்ளிக் கூடைகள், 42.9 விழுக்காடு. கோப்பை மட்டும் கிடைக்கவில்லை.

ஞாயிறன்று பிள்ளைகளை முதல் இருபது நிமிடங்கள் பந்து இல்லாமலேயே ஸ்க்ரீன்களைச் சுற்றி ஓடவிட்டேன். வேலியருகே நின்ற ஒரு தாய், “சார், பந்தையே கொடுக்க மாட்டீங்களா?” என்று கவலையோடு கேட்டார். பிறகு ஒவ்வொருவராக இரண்டு சாக்பீஸ் கோடுகளிலும் நின்று எறிந்தார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகளுக்கு 6.02இல் பத்துக்கு நான்கு விழுந்தன, 7.24இல் ஐந்து முறையும் பந்து வளையத்தைத் தொடாமலே கீழே இறங்கியது. ஆறாவது முறை, யாரும் சொல்லாமலே, பாதங்களைச் சற்று அகலமாக வைத்துக்கொண்டு எறிந்தாள். பந்து வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. மாலையில் பெய்த மழையில் கோடுகள் கரைந்துவிட்டன. வரும் ஞாயிறு மீண்டும் டேப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.