பழைய ஃபோர்டின் பவர் ஸ்டீயரிங்கும் ஒரு ஆயில் சீலும்

எங்கள் ஃபோர்டு 3600 டிராக்டரின் பவர் ஸ்டீயரிங் தொட்டியில் எண்ணெய் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. சேரன்மகாதேவிக்கு அருகில், கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலில் பிசான நெல் பருவத்துக்கான தொளி உழவு (சேற்றுழவு) நடந்துகொண்டிருந்த ஐப்பசி மாதம் அது. மூன்றாம் நாள் எஞ்சினில் எண்ணெய் மட்டத்தைக் காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது, மேல் கோட்டையும் தாண்டி எண்ணெய் நின்றதைக் கண்டு எனக்கு உள்ளூர நடுக்கம் ஏற்பட்டது.

இந்த வண்டியில் ஸ்டீயரிங் பம்பை எஞ்சினுக்குள் இருக்கும் பற்சக்கரமே சுழற்றுகிறது. பம்பின் எண்ணெயையும் எஞ்சினின் எண்ணெயையும் பிரித்து நிற்பது ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஒரே ஒரு ஆயில் சீல்தான். அதன் உதடு, அதாவது ஷாஃப்டில் உரசும் ரப்பர் விளிம்பு, சூட்டில் இறுகித் தேய்ந்தால், ஸ்டீயரிங் எண்ணெய் வெளியே கசியாமல் நேராக எஞ்சினுக்குள் போய்விடும். எஞ்சின் ஆயில் இளகிவிடுவதால் பேரிங்குகளுக்கு அது பெருங்கேடு. எனவே சீலை மாற்றுவதோடு எஞ்சின் ஆயிலையும் முழுவதுமாக வடித்து மாற்றியே ஆக வேண்டும்.

அப்பா பழைய வண்டியாக வாங்கிய இந்த டிராக்டருக்கு உதிரிப் பாகம் தேடுவது எளிதன்று. நான் முதலில் செய்த பிழை, கழற்றிய சீலையே மாதிரியாக எடுத்துக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குச் சென்றது. பல ஆண்டுகள் எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பியோ சுருங்கியோ இருக்கும். அதன் அளவு உண்மையான அளவு ஆகாது. ஒரு கடையில் அதற்கு ஒத்துப்போவதாகக் கொடுத்த சீல் இரண்டே நாள்தான் தாங்கியது. பிறகு எங்கள் ஊர் லேத் பட்டறை அண்ணாச்சி, "சீலைக் கொண்டாராதீங்க தம்பி, ஷாஃப்டையும் அது உட்காருற வீட்டையும் கொண்டாங்க" என்றார். வெர்னியர் அளவுகோலை வைத்து ஷாஃப்டின் விட்டம், சீல் உட்காரும் குழியின் விட்டம், குழியின் ஆழம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக் கொடுத்தார். ஆயில் சீலின் மேல் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களும் இதே வரிசையில்தான் இருக்கும்; மூன்றாவது மட்டும் அந்தக் குழியின் ஆழத்துக்குள் அடங்க வேண்டிய சீலின் அகலம். இரும்பை அளந்த அந்தக் காகிதத்துடன் சென்றபோது, மதுரையில் சீல் மட்டுமே விற்கும் ஒரு கடையில் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

பம்பு மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. பழைய ஃபோர்டு அங்குல அளவில் பிறந்த வண்டி. அந்த ஓ-ரிங்கின் தடிமன் 2.62 மில்லிமீட்டர், கடைகளில் எளிதாகக் கிடைப்பதோ 2.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் 2.2 மில்லிமீட்டர் ஆழமுள்ள காடியில் முதலாவது 0.42 மில்லிமீட்டர் நசுங்கும், இரண்டாவது 0.30 மட்டுமே நசுங்கும். அந்த நசுங்கல்தான் எண்ணெயைத் தடுக்கிறது என்பதால், 2.5 வளையத்தைப் போட்டபோது, குளிர்ந்த நிலையில் உலர்ந்திருந்த மூடி அரை மணி நேர உழவுக்குப் பின் எண்ணெய் வியர்க்கத் தொடங்கியது. ரப்பரின் வகையையும் கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோலிய எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் பொருந்தும். பிரேக் சிலிண்டருக்கென்று செய்த ரப்பர், அளவில் பொருந்தினாலும், இந்த எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

பொருத்துவதற்கு முன் ஷாஃப்டை நகத்தால் வருடிப் பார்த்தேன். பழைய உதடு ஓடிய இடத்தில் மெல்லிய பள்ளம் இருந்தது. குழியில் இடமிருந்ததால் சீலை 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, புதிய உதடு தேயாத இடத்தில் படுமாறு உட்கார வைத்தோம். ஸ்பிரிங் உள்ள பக்கம் பம்பின் எண்ணெயை நோக்கியிருக்க வேண்டும். ஷாஃப்டின் கூர்மையான விளிம்புகள் உதட்டைக் கிழிக்காதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, எண்ணெய் தடவித் தள்ள வேண்டும். இவ்வகைச் சீல் ஏறத்தாழ 0.5 பார் அழுத்தத்துக்கு மேல் தாங்காது. ஆதலால் திரும்பி வரும் ஹோஸோ தொட்டியின் ஃபில்டரோ அடைத்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை. எங்கள் ஃபில்டரில் களிம்பு போல அழுக்கு அப்பியிருந்தது. முதல் சீல் இரண்டு நாளில் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

முன் அச்சிலுள்ள ஸ்டீயரிங் சிலிண்டர் கம்பெனி பொருத்தியதன்று. முந்தைய உரிமையாளர் பின்னாளில் சேர்த்தது. அதற்குப் பாகப் புத்தகமே இல்லை. தொளி உழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் வாரி இறைக்கும் சேற்றைத் தடுக்கும் வெளித் துடைப்பு சீல் முற்றிலும் உதிர்ந்திருந்தது. ராடில் குரோம் உரியாதிருந்ததால் அந்தச் சீல்களையும் அளவெடுத்தே மாற்றினோம்.

முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் பத்து முறை நிதானமாகத் திருப்பினோம். இரு கோடியிலும் அழுத்திப் பிடிக்காமல் உடனே திருப்பிவிட வேண்டும். தொட்டியில் பால் போலப் பொங்கிய நுரை அடங்கி எண்ணெய் தெளிந்ததும் காற்று வெளியேறிவிட்டதை அறிந்தோம். மிச்சமிருந்த வயல்களை உழுது முடித்த அன்று மாலை டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். எண்ணெய் மேல் கோட்டிலேயே நின்றது.