இரண்டாவது டவுன், 26 யார்டு

2018 ஜனவரியின் அலபாமா–ஜார்ஜியா இறுதிப்போட்டியை (அமெரிக்கக் கல்லூரி அணிகளின் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’) நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். அலபாமா 0-13 எனப் பின்தங்கியிருந்தபோது, இடைவேளையில் பந்து வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு முதலாண்டுப் பையன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார் பயிற்சியாளர் நிக் சேபன். அதில் எனக்குச் சண்டையில்லை.

கூடுதல் நேரம், மூன்று புள்ளி பின்தங்கல். எதிராளிகள் நெருங்கும்போது, யார்டை இழக்காமல் பந்தை வெளியே வீசியிருக்கலாம் டுவா. பின்னாலேயே ஓடி 16 யார்டைத் தொலைத்துவிட்டு விழுகிறான்! சற்றுமுன் கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் 36 யார்டு உதையையே கோட்டைவிட்ட அணி, இனி 58 யார்டு உதைக்குமா?

பத்து யார்டு முன்னேற நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு ‘டவுன்’; இப்போது இரண்டாவது டவுன், 26 யார்டு தேவை. அடுத்த பந்து: பார்வையை வலப்பக்கம் காட்டி தடுப்பாளனை ஏமாற்றி, இடது ஓரம் ஓடிய டெவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு வீச்சு, நேராக எல்லைக்கோட்டுக்குள், ஆறு புள்ளி. 26-23. கோப்பை.

டுவாவை மேதை என்கிறார்கள். சரி, மேதைதான். ஆனால் அந்த 16 யார்டுக்கு என்ன பதில் அண்ணே?