பசை இல்லாமல் நின்ற பெட்டி

லேசரால் பிளைவுட்டை வெட்டி, ஒரு வழியாகப் பசை இல்லாமல் ஒரு பெட்டி நின்றுவிட்டது. மூடி இன்னும் வெட்டவில்லை, ஐந்து பக்கம்தான். ஆனால் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் ஒரு பலகை கூட அசையவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடைய வெட்டும் மெஷின் 10 வாட் டயோடு லேசர். 10 வாட் என்பது வெளியே வரும் ஒளியின் அளவு. விளம்பரங்களில் 40 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பல நேரம் அது மின்சாரம் உள்ளே போகிற கணக்கு, ஒளி வெளியே வருகிற கணக்கு இல்லை. வாங்க நினைப்பவர்கள் ஒளித்திறன் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லாத கடையை விட்டுவிடலாம்.

சாவிக்கொத்து, கோஸ்டர், பெயர்ப்பலகை என்று எல்லோரும் முதலில் செய்வதை நானும் செய்தேன். அவற்றில் சொல்ல ஒன்றும் இல்லை. கோஸ்டர் கால் மில்லிமீட்டர் சிறுத்துப் போனால் அதன் மேல் வைக்கிற கோப்பைக்குத் தெரியவா போகிறது? பெட்டி அப்படி இல்லை. பல்லும் பள்ளமும் கோத்து நிற்கிற ஃபிங்கர் ஜாயிண்டில் லேசரின் எல்லாக் குணமும் வெளியே வந்துவிடும்.

விஷயம் கெர்ஃப்தான். லேசர் போகிற கோட்டில் கொஞ்சம் மரம் எரிந்து காணாமல் போகிறது, அந்த வெட்டின் அகலம்தான் கெர்ஃப். பல்லின் இரண்டு பக்கமும் அரை கெர்ஃப் போனால் பல் ஒரு கெர்ஃப் மெலிகிறது. பள்ளம் அதே அளவு அகலமாகிறது. ஆக, இடைவெளி இரண்டு கெர்ஃப். 0.15 மிமீ கெர்ஃப் என்றால் 0.3 மிமீ ஆட்டம். எழுதும்போது ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது, கையில் எடுத்தால் பெட்டி கலகலவென்று ஆடும். பசை போட்டு மூடிவிடலாம் என்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அளப்பதற்கு ஒற்றைக் கோட்டை வெட்டி அந்த இடுக்கைக் காலிப்பரால் (நுண்ணிய அளவுகோல்) அளப்பது வீண் வேலை, காலிப்பர் முனை உள்ளே போகாது. 10 மிமீ அகலத்தில் பத்துத் துண்டுகளை ஒட்டி ஒட்டி வரைந்து, ஒரே பட்டையாக வெட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்குப் பொதுவான கோடு ஒரே தடவைதான் வெட்டுப்பட வேண்டும். கோடு இரட்டையாக இருந்தால் இரண்டு முறை எரிந்து கணக்கு கெட்டுவிடும். மென்பொருளில் கெர்ஃப் திருத்தம், அதாவது வெட்டும் கோட்டைக் கொஞ்சம் தள்ளிவைக்கும் எண், பூஜ்யத்தில் இருக்க வேண்டும். வெட்டியதும் பத்தையும் நெருக்கிச் சேர்த்து மொத்தமாக அளக்கிறோம். 100 மிமீ இருக்க வேண்டியது எனக்கு 98.3 வந்தது. 1.7-ஐப் பத்தால் வகுத்தால் 0.17.

சரி, அதில் பாதியை, 0.085-ஐ, திருத்தமாகப் போட்டு வெட்டினேன். லேசரை ஓட்டும் மென்பொருளான லைட்பர்னில் லேயருக்கு லேயர் இந்தத் திருத்தம் கெர்ஃப் ஆஃப்செட் என்ற பெயரில் இருக்கிறது, வடிவம் மூடியதாக இருந்தால் வெளிக்கோட்டை வெளியேயும் உள் ஓட்டையை உள்ளேயும் அதுவே தள்ளிக்கொள்ளும். பெட்டி வரைபடத்தை, அளவு கொடுத்தால் வரைந்து தரும் பாக்சஸ்.பை-யில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே 'பர்ன்' என்று ஒரு கட்டம் உண்டு, அதுவும் இதே திருத்தம்தான். இரண்டு இடத்திலும் போட்டால் பல் பள்ளத்துக்குள் போகவே போகாது. நான் அங்கே பூஜ்யம் வைத்துவிட்டு லைட்பர்னில் மட்டும் போடுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டி பிடிவாதம் பிடித்தது. நான்கு சுவர்கள் ஒன்றோடொன்று சேரும் நிமிர்ந்த மூலைகளில் சுத்தியால் தட்டினால்தான் பல் உள்ளே போனது. முன் சுவர் அடிப்பலகையோடு சேரும் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. லேசர் தலையை நகர்த்தும் பெல்ட் தளர்வா என்று பார்த்தேன், இல்லை. அப்புறம் அதே பத்துத் துண்டுப் பட்டையை 90 டிகிரி திருப்பி வெட்டி அளந்தேன். கெர்ஃப் 0.12!

டயோடு லேசரின் ஒளிப்புள்ளி வட்டம் இல்லை. டயோடிலிருந்து ஒளி வெளியேறும் வாய் நீளவாக்கில் இருப்பதால் குவிந்த புள்ளியும் ஒரு பக்கம் நீண்டே இருக்கும். அதனால் குறுக்கே போகும் வெட்டும் நெடுக்கே போகும் வெட்டும் ஒரே அகலம் ஆகாது. மென்பொருளில் திருத்தத்துக்கு ஒரே ஓர் எண்தான். இரண்டுக்கும் நடுவாக 0.0725 வைத்துப் பார்த்தால், ஒரு திசையில் 0.05 தளர்வு, இன்னொரு திசையில் 0.05 இறுக்கம். ஒரு பெட்டிக்குள்ளேயே இரண்டு குணம்.

தீர்வு சுலபம், கொஞ்சம் மரம்தான் வீண்: எல்லாப் பலகைகளையும் வரைபடத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்துவிட வேண்டும். பலகையின் இரண்டு பக்கக் கோடுகளுக்கும் புள்ளி ஒரே மாதிரிதான் தெரியும். பழைய எண்கள் இங்கே உதவாது, சோதனைப் பட்டையையும் அதே சாய்வில் வெட்டி அளக்க வேண்டும். எனக்கு 0.16 வந்தது, இரண்டு திசையிலும். பாதி 0.08; ஆனால் 0.09 போட்டேன். அந்தச் சின்னக் கூடுதலில் பல் 0.04 மிமீ இறுக்கமாகிறது, பிளைவுட் அந்த அளவுக்கு நசுங்கிக் கொடுக்கும். உள்ளங்கையால் அழுத்தினால் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் கரியை மணல்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், சம்பாதித்த இறுக்கம் அதோடு போய்விடும்.

ஃபோகஸ், அதாவது ஒளி குவியும் இடம், பற்றியும் ஒரு வார்த்தை. மேற்பரப்பில் வைக்காமல் ஒரு மில்லிமீட்டர் கீழே, மரத்தின் உள்ளே வைத்தேன். வெட்டின் சுவர் சாய்வு குறைந்தது. வெட்டும் இடத்தில் காற்று அடிக்கும் ஏர் அசிஸ்ட் இல்லாமல் இதையெல்லாம் செய்வதில் அர்த்தமில்லை. காற்று அடிக்காவிட்டால் புகை லென்ஸில் படிந்து, ஒளி குறைந்து, வெட்ட வெட்ட கெர்ஃபே மாறிக்கொண்டு போகும்.

இப்போது பிளைவுட் விற்பவர்கள் மேல் கொஞ்சம் கோபப்பட வேண்டும். 3 மிமீ என்று எழுதி விற்ற தாளில் ஒரு மூலை 2.8, எதிர் மூலை 3.1. பல்லின் நீளம் பலகையின் தடிமனைப் பொறுத்தது என்பதால் மூலையில் ஒரு பக்கம் துருத்தும், ஒரு பக்கம் உள்ளே போகும். இப்போதெல்லாம் தாளின் நாலு பக்கமும் அளந்து பென்சிலால் எழுதி வைத்துக்கொள்கிறேன். தடிமனைவிட மோசம் உள்ளே இருக்கும் பசைத் திட்டு. மேலே பார்த்தால் அழகான பிர்ச் மரம், நடு அடுக்கில் ஒரு முடிச்சோ கெட்டியான பசையோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் லேசர் அடிவரை போகாது. ஆகவே வெட்டி முடிந்ததும் தாளை நகர்த்தாமல் ஒரு துண்டை மெல்ல அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அதே கோட்டில் லேசரை இன்னொரு தடவை விடலாம். நகர்த்திவிட்டால் போச்சு. வளைந்த தாளைக் காந்தம் வைத்து அழுத்திப் பிடிப்பதும் கட்டாயம், வளைவு இருந்தால் ஃபோகஸ் இடத்துக்கு இடம் மாறும்.

மூடிக்கு ஒளிபுகும் அக்ரிலிக் போட ஆசை. ஆனால் என் டயோடின் நீல ஒளி அதைக் கண்ணாடி மாதிரி கடந்து போய்விடும், வெட்டாது. கறுப்பு அக்ரிலிக் வெட்டும். ஒளிபுகும் அக்ரிலிக்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேண்டும், அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். 1964-ல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கியது அது. கண்ணாடிக் குழாய், தண்ணீர்க் குளிர்ச்சி, ஒளியைத் திருப்பும் மூன்று கண்ணாடிகளை நேராக்கும் வேலை எல்லாம் அதோடு வரும். இன்னொரு மெஷினுக்கு வீட்டில் இடமும் அனுமதியும் கிடைக்குமா என்பது தனிக்கதை.

மூடிக்கு ரெக்சின் ஒட்டலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். ஒட்டலாம், கத்தரியால் வெட்டி. அது பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலும் கெடும், மெஷினின் தண்டவாளமும் துருப்பிடிக்கும்.

அதனால் மூடியும் பிளைவுட்தான். ஆனால் தட்டையான மூடி வேண்டாம், வரிசை வரிசையாகக் கீறல் போட்டு வளைக்கும் லிவிங் ஹிஞ்ச் முயற்சி செய்யப் போகிறேன். கீறல்கள் மர இழை ஓடும் திசையிலேயே போக வேண்டும், குறுக்கே போட்டால் வளைக்கும்போது பட்டென்று ஒடிந்துவிடும். கீறல் நீளம் 20, 25, 30 மிமீ என்று மாற்றி வெட்ட வேண்டிய சோதனைத் துண்டுகள் ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது. அவற்றை 45 டிகிரி சாய்க்க வேண்டியதில்லை, இங்கே கெர்ஃப் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது.