மருந்தளவிக்கு ஒரு மரத்தாங்கி

அமெரிக்காவில், சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவோர், வெடிமருந்தை அளந்து ஊற்றும் கருவியான மருந்தளவிக்குரிய தாங்கியைத் தாங்களே மரத்தில் செய்துகொள்வதை நான் மனமார மதிக்கிறேன். அக்கருவி மருந்தை எடையால் அன்றிக் கன அளவால் அளப்பதால், மேசை அதிரும்போது குடுவையிலுள்ள துகள்கள் இறுகிப் படிந்து, விழும் அளவு மாறிவிடக்கூடும். ஒரு பவுண்டில் 7000 கிரெயின்கள் (மருந்தை நிறுக்கும் சிறு எடையலகு) என்னும் நுண்கணக்கில் இது சிறு குறையன்று. எனவே, தாங்கியை, கூடுகளை அழுத்திச் சீராக்குகையில் மேசையை அதிரச் செய்யும் அழுத்துபொறியிலிருந்து விலக்கி, மேசைக்கால் உள்ள மூலையில், தடித்த பலகையில் திருகாணியிட்டு இறுக்குவதே நல்லது. பல மருந்தளவிகளின் மரை 7/8 அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 14 புரிகளும் கொண்டது. மேற்பலகையில் அதற்கேற்ற துளை வேண்டும். உயரந்தான் முக்கியம்: கூடுகள் அடுக்கிய கட்டை, மருந்து விழும் குழாயின் கீழ் தடையின்றி நகர வேண்டும், ஒவ்வொரு கூட்டினுள்ளும் விளக்கொளி விழ வேண்டும்.