வெலிங்டன் ஏரியும் அப்பாவும்

நேற்று கடலூர் மாவட்டத்துக் கீழச்செருவாயில் இருக்கும் வெலிங்டன் ஏரிக்குப் போயிருந்தேன். கரை மேல் நின்றால் மறுகரை தெரியவில்லை, அவ்வளவு தண்ணீர். மதகுப் பக்கத்துக் கருங்கல்லில் பாசி ஏறிய கோடு தெரிந்தது. அந்தக் கோட்டைத் தாண்டித் தண்ணீர் நின்றால் அந்த வருஷம் நெல், இல்லாவிட்டால் மானாவாரிச் சோளம்தான் என்பார் அப்பா.

திட்டக்குடிப் பக்கம் எல்லாரும் இதை ஏரி என்றுதான் சொல்கிறோம். உண்மையில் இது அணை. பெரிய ஓடையின் குறுக்கே 1913இல் வேலை தொடங்கி 1923இல் முடித்தார்கள். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர்தான் நம் வாயில் வெலிங்டன் ஆகிவிட்டது.

ஓடைத் தண்ணீர் மட்டும் இவ்வளவு பெரிய பரப்புக்குப் போதுமா? போதாது. அதனால் தொழுதூரில் வெள்ளாற்றைத் தடுத்து, அங்கிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி வெள்ள நீரை இங்கே திருப்பினார்கள். கடலுக்கு ஓடிப்போகும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அந்த யோசனை என்னை இன்றும் மலைக்க வைக்கிறது.

ஆனால் கரை மண் கரை. அது உள்வாங்குவது பழைய தொல்லை. வண்டலும் சேர்ந்துகொண்டே போகிறது. தூர் வாரி, கரையைப் பலப்படுத்த வேண்டும். நூறு வயது தாண்டிய ஏரி இது.

அப்புறம் மதகடியில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளி முகம் கழுவினேன். அப்பா எப்போதும் அப்படித்தான் செய்வார்.